தொலைக்காட்சியில் வீடியோ கேம் படம் சரியில்லையா? அறிகுறியைப் பார்த்து வழி தேடுங்கள்

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்ட வீடுகளுக்கும் தாமான் குடியிருப்புகளுக்கும் புதுத் தொலைக்காட்சிகள் வரிசையாக வந்து இறங்கும். பண்டிகை முடிந்ததும் என் பழுதுபார்ப்பு மேசைக்கு ஆள் வரத் தொடங்கும். “அண்ணே, டிவி புதியது. ஆனால் பிள்ளைகளின் கேம் பழைய டிவியில் தெரிந்த அளவுக்குக்கூடத் தெளிவாக இல்லை” என்பார்கள். செம்பனைக் குலை அறுத்த கூலியில் மாதத் தவணை கட்டி வாங்கிய பெட்டி அது. அதை விற்றுவிட்டு வேறு வாங்கலாமா என்று அவர்கள் கேட்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. ஏனென்றால் நான் பார்த்த பெரும்பாலான வீடுகளில் தொலைக்காட்சியும் நன்றாகவே இருந்தது, கேம் ஓட்டும் பெட்டியான கன்சோலும் நன்றாகவே இருந்தது. ஒன்று அனுப்புவதை மற்றொன்று வேறு விதமாக எடுத்துக்கொண்டிருந்தது, குறை அங்கேதான். ரிமோட்டும் அரை மணி நேரப் பொறுமையும் இருந்தால் போதும். ஒரு வெள்ளி செலவழிக்கும் முன், உங்கள் வீட்டு அறிகுறி கீழே உள்ளவற்றில் எது என்று பாருங்கள்.

திரை கறுப்பாக இருக்கிறது, ‘நோ சிக்னல்’ என்று வருகிறது

ரிமோட்டில் ‘சோர்ஸ்’ பொத்தானை அழுத்தி, கன்சோலின் படக் கேபிள் செருகியிருக்கும் எச்.டி.எம்.ஐ. துளையின் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் யாராவது சீரியல் பார்த்துவிட்டு சேட்டிலைட் பெட்டியிலேயே விட்டிருப்பார்கள். அடுத்து, கேபிளை இரண்டு முனையிலும் முழுதாகக் கழற்றி, மீண்டும் அழுத்திச் செருகுங்கள். அதற்கும் படம் வராவிட்டால் வேறு போர்ட்டில், அதாவது வேறு துளையில், செருகிப் பாருங்கள். இந்த மூன்றையும் முடிக்காமல் வேறு எதிலும் கை வைக்க வேண்டாம்.

பிறகும் கறுப்பாகவே இருந்தால், இந்தக் கன்சோல் கடைசியாக எந்தத் தொலைக்காட்சியில் ஓடியது என்று பையனிடம் கேளுங்கள். சித்தப்பா வீட்டுப் பெரிய திரையில் விளையாடியபோது படத்தின் அளவை (ரெசல்யூஷனை) யாராவது கையால் உயர்த்தி வைத்திருந்தால், உங்கள் வீட்டுச் சிறிய திரைக்கு அது புரியாது. பிளேஸ்டேஷன் 3 என்றால் முழுதாக அணைத்துவிட்டு, பவர் பொத்தானை இரண்டாவது ‘பீப்’ ஒலி கேட்கும் வரை விடாமல் அழுத்துங்கள். பட அமைப்பு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டிலும் இதே போல இரண்டாவது ஒலி வரை அழுத்தினால் ‘சேஃப் மோட்’ திறக்கும். அந்த நேரத்தில் கன்ட்ரோலர் கம்பியில்லாமல் வேலை செய்யாது, யு.எஸ்.பி. கேபிளில் இணைத்தாக வேண்டும். வரும் பட்டியலில் இரண்டாவதாக இருப்பது படத்தின் அளவை மாற்றும் வழி. அதைத் தேர்ந்தெடுங்கள்.

நின்டெண்டோ ஸ்விட்ச்சுக்குத் தனிக் கதை உண்டு. 2017இல் வந்த முதல் ஸ்விட்ச்சைத் தொலைக்காட்சியில் காட்ட, அதைச் செருகி வைக்கும் தாங்கியான டாக்கிற்கு 15 வோல்ட் மின்சாரம் வேண்டும். பெட்டியோடு வரும் சார்ஜரைத் திருப்பிப் பார்த்தால் 15 வோல்ட், 2.6 ஆம்பியர் என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். அது தொலைந்துபோனதும் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய கைப்பேசி சார்ஜரை மாட்டிவிடுகிறார்கள். பேட்டரி ஏறுகிறது, அதனால் எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் தோன்றும். ஆனால் திரைக்குப் படம் போகாது. டாக்கின் முன்புறம் கீழே ஒரு சிறிய பச்சை விளக்கு இருக்கிறது; தொலைக்காட்சிக்குப் படம் போகும்போதுதான் அது எரியும். எரியவில்லை என்றால் தொலைக்காட்சியை விட்டுவிட்டு முதலில் சார்ஜரைப் பாருங்கள்.

படத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டுத் தெரிகின்றன

காற்பந்து விளையாட்டில் இது உடனே தெரியும். மேல் மூலையில் இருக்கும் கோல் எண்ணிக்கைப் பெட்டியில் அணியின் பெயரில் முதல் எழுத்து பாதிதான் தெரியும்; கீழே வரைபடத்தின் ஒரு பக்கம் மறைந்திருக்கும். பழைய குழாய்த் தொலைக்காட்சிகளில் படத்தின் ஓரம் கோணலாக வரும் என்பதால், படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரங்களைச் சட்டத்துக்குப் பின்னால் தள்ளிவிடுவது வழக்கம். இதற்கு ஓவர்ஸ்கேன் என்று பெயர். தட்டைத் திரைக்கு இது தேவையே இல்லை. ஆனாலும் பல பெட்டிகள் இன்றும் இந்தப் பழக்கத்தோடுதான் வருகின்றன.

ஓரம் போவதோடு இது நின்றுவிடுவதில்லை. 1080பி என்றால் 1920 புள்ளி அகலம், 1080 புள்ளி உயரம். கன்சோல் அனுப்பும் ஒவ்வொரு புள்ளியும் திரையின் ஒவ்வொரு புள்ளியில் போய் உட்கார வேண்டும். படத்தைச் சற்றே பெரிதாக்கினாலும் அந்தப் பொருத்தம் கலைந்து, எழுத்தெல்லாம் லேசாகக் கசிந்ததுபோல் ஆகிவிடும். ஓரம் வெட்டுப்படுவதும் எழுத்து மங்குவதும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள்.

தொலைக்காட்சியின் பட அளவுப் பட்டியலுக்குப் போங்கள். எல்ஜியில் அதன் பெயர் ‘ஜஸ்ட் ஸ்கேன்’. சாம்சங்கில் ‘ஸ்கிரீன் ஃபிட்’ அல்லது ‘ஃபிட் டு ஸ்கிரீன்’. சோனியில் ‘ஃபுல் பிக்சல்’. அதைத் தேர்ந்தெடுத்த நொடியில் படம் சற்றுச் சுருங்கி, ஓரமெல்லாம் உள்ளே வரும், எழுத்தும் கூர்மையாகும். பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டிலும் படப் பரப்பைச் சுருக்கும் அமைப்பு இருக்கிறதே, அதைப் பயன்படுத்தலாமே என்று கேட்பார்கள். அதைக் கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கன்சோலில் சுருக்கி, தொலைக்காட்சியில் மீண்டும் பெருக்கினால் ஓரம் திரும்பி வரும், தெளிவு வராது. நான் எப்போதும் தொலைக்காட்சியில்தான் தொடங்குவேன்.

மாறாக, முகமெல்லாம் அகலமாக, ஆள் குட்டையாகத் தெரிந்தால் அது பழைய 4:3 படத்தை 16:9 திரைக்கு இழுத்துவைத்த குறை. பட அளவை 4:3க்கு மாற்றுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அதுதான் சரியான படம்.

படம் மங்கலாக இருக்கிறது, கூர்மை இல்லை

முன்பு சொன்ன ஓவர்ஸ்கேனைச் சரிபார்த்துவிட்டீர்களா? அடுத்து, தொலைக்காட்சிக்குப் பின்னால் போய்க் கேபிளைப் பாருங்கள். பிளேஸ்டேஷன் 3ஐ மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனை கொண்ட பழைய கேபிளில் மாட்டி ஆண்டுக்கணக்காக விளையாடும் வீடுகளை இன்றும் பார்க்கிறேன். மஞ்சள் முனை வழியாக உயர்தெளிவுப் படம் போகவே முடியாது. அந்தக் கன்சோலின் பின்புறத்திலேயே எச்.டி.எம்.ஐ. போர்ட் காத்துக்கொண்டிருக்கிறது. கேபிளை மாற்றிய அன்று அந்த வீட்டுப் பிள்ளைகள் திரையின் அருகே போய்ப் புல்லின் ஒவ்வொரு இதழையும் எண்ணுவதுபோல் பார்ப்பார்கள்.

கேபிள் சரி என்றால், தொலைக்காட்சியின் ‘ஷார்ப்னஸ்’ எண்ணைக் குறையுங்கள். கூட்டினால்தானே கூர்மை வரும் என்று தோன்றும். ஆனால் அது இல்லாத தெளிவைக் கொண்டுவராது. எழுத்துகளைச் சுற்றி வெள்ளைக் கோடு போட்டு, கண்ணுக்குக் கூர்மைபோல் காட்டும். மெனுவில் ஒரு கறுப்பு எழுத்தின் விளிம்பை ஒரு முழம் தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டே எண்ணைக் குறைத்து வாருங்கள். வெள்ளை நிழல் மறையும் இடத்தில் நிறுத்துங்கள். சில பெட்டிகளில் அது சுழியத்தில் இருக்கும், சிலவற்றில் நடுவில் இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் மங்கலாகத் தெரிந்தால் அது குறையாக இல்லாமல் இருக்கலாம். 32 அங்குலப் பெட்டிகள் பலவற்றில் உள்ளது 1366 × 768 புள்ளிகள் மட்டுமே. 1080பி அனுப்பினாலும் அது குறைத்துத்தான் காட்டும். 1080பி, அதைவிடச் சிறிய 720பி இரண்டையும் வைத்துப் பார்த்து, எழுத்து எதில் நன்றாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டின் பக்கத்திலும் எல்லை உண்டு. பிளேஸ்டேஷன் 3இன் பல விளையாட்டுகள் 720பி அளவில் உருவானவை. முதல் ஸ்விட்ச் டாக்கில் இருந்தாலும் 1080பிக்கு மேல் போகாது. இன்னும் நிறையப் புள்ளிகள் கொண்ட 55 அங்குல 4கே திரையில் இவற்றைப் பெருக்கினால் சற்று மென்மையாகத்தான் தெரியும்.

உட்காரும் இடத்தையும் பாருங்கள். 40 அங்குல 1080பி திரையில் ஒரு புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. நல்ல கண்ணுக்கு அது ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் வரை தனித்தனியாகத் தெரியும், அதற்கு அப்பால் ஒன்றாகக் கலந்துவிடும். லயத்து வீட்டுச் சிறிய முன்னறையில் பிள்ளைகள் பாயில் திரைக்கு நேர் கீழே உட்காருகிறார்கள் என்றால், புள்ளி தெரிவதற்கு அதுவே போதிய காரணம். பாயை இரண்டடி பின்னால் போடுங்கள்.

கறுப்பு சாம்பலாக வெளுத்திருக்கிறது, அல்லது இருட்டில் ஒன்றுமே தெரியவில்லை

இந்தக் குறைக்குத்தான் அதிகம் பேர் தொலைக்காட்சியைப் பழி சொல்கிறார்கள். காரணம் தெரிந்தால் இரண்டு நிமிட வேலை.

ஒளியின் அளவை எண்ணாக அனுப்ப இரண்டு வழக்கங்கள் இருக்கின்றன. தொலைக்காட்சி உலகில் கறுப்பு 16, வெள்ளை 235. கணினி உலகில் கறுப்பு 0, வெள்ளை 255. முதலாவது ‘லிமிடெட்’, இரண்டாவது ‘ஃபுல்’. கன்சோல் 16ஐக் கறுப்பு என்று அனுப்ப, தொலைக்காட்சி 0தான் கறுப்பு என்று நினைத்தால், 16 வெறும் சாம்பலாகிவிடும்; படம் முழுவதும் பனிமூட்டம் படர்ந்ததுபோல் இருக்கும். தலைகீழாக நடந்தால், கன்சோல் அனுப்பும் 0 முதல் 16 வரையிலான இருட்டு நுணுக்கம் எல்லாம் ஒரே கறுப்பாக அமுங்கிவிடும், மேகத்தின் மடிப்பும் வெள்ளையில் கரைந்துவிடும்.

எது என்று கண்டுபிடிக்க நான் காற்பந்து விளையாட்டைத்தான் போடச் சொல்வேன். கறுப்புச் சட்டை போட்ட நடுவரை அருகில் காட்டும் காட்சியில் நிறுத்துங்கள். சட்டையின் மடிப்புகள் தெரிந்து, சட்டை உண்மையிலேயே கறுப்பாக இருந்தால் எல்லாம் சரி. மடிப்பு தெரிகிறது, சட்டை அடுப்புச் சாம்பல் நிறத்தில் இருக்கிறது என்றால் முதல் வகை. சட்டையில் மடிப்பே இல்லாமல் கறுப்புக் காகிதத்தை வெட்டி ஒட்டியதுபோல் இருந்தால் இரண்டாம் வகை.

பிளேஸ்டேஷன் 4, 5, ஸ்விட்ச் மூன்றிலும் பட அமைப்பில் ‘ஆர்ஜிபி ரேஞ்ச்’ என்ற வரி இருக்கிறது. அதை முதலில் ‘ஆட்டோமேட்டிக்’கில் வையுங்கள். சரியாகவில்லை என்றால் ‘லிமிடெட்’டுக்கு மாற்றுங்கள். தொலைக்காட்சியில் ‘எச்.டி.எம்.ஐ. பிளாக் லெவல்’ அல்லது ‘பிளாக் லெவல்’ என்ற அமைப்பு இருக்கும். நடுவரின் சட்டையைப் பார்த்துக்கொண்டே அதை மாற்றிப் பாருங்கள். ‘ஃபுல்’ என்ற பெயரைப் பார்த்ததும் அதுதான் உயர்ந்தது என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே வழக்கத்தில் இருப்பதுதான் முக்கியம். இரண்டும் லிமிடெட்டில் இருந்தால் கண்ணுக்கு எந்த இழப்பும் தெரியாது.

இருட்டுக் காட்சி தெரியவில்லை என்று பிரைட்னஸ் எண்ணைக் கூட்டிக்கொண்டே போவது தவறான மருந்து. படம் வெளுக்குமே தவிர, அமுங்கிய நுணுக்கம் திரும்பாது.

நிறம் கண்ணைக் குத்துகிறது, முகமெல்லாம் சிவப்பாக இருக்கிறது

பிக்சர் மோட் ‘டைனமிக்’ அல்லது ‘விவிட்’டில் இருக்கிறது. கடையின் வெள்ளை விளக்கு வெளிச்சத்தில் பக்கத்துப் பெட்டியை வெல்வதற்காக வைத்த அமைப்பு அது, வீட்டுக்கு ஆகாது. ‘மூவி’ அல்லது ‘கேம்’ என்று மாற்றி, கலர் டெம்பரேச்சரை ‘வார்ம்’ பக்கம் வையுங்கள். முதல் நாள் மஞ்சளாகத் தெரியும். ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள், தோல் நிறம் தோல் நிறமாக இருப்பது அப்போது புரியும்.

பொத்தானை அழுத்தினால் ஆட்டக்காரர் தாமதமாக அசைகிறார்

கன்ட்ரோலரில் குறை இருக்கும் என்று புதியது வாங்கி ஏமாந்தவர்கள் எங்கள் ஊரில் உண்டு. பெரும்பாலும் காரணம் தொலைக்காட்சி செய்யும் அலங்காரம். நொடிக்கு 60 படம் ஓடும் விளையாட்டில் ஒரு படத்துக்கு 16.7 மில்லி வினாடி. படத்தை மெருகேற்றுவதற்காகத் தொலைக்காட்சி 100 மில்லி வினாடி பிடித்துவைத்தால், நீங்கள் பார்ப்பது ஆறு படத்துக்கு முந்தைய நிலை. பெனால்டி தடுக்கப் பாயும் கோல்கீப்பருக்கு அது மிகப் பெரிய நேரம்.

‘கேம் மோட்’டை இயக்குங்கள். புதிய கன்சோலும் புதிய தொலைக்காட்சியும் சேர்ந்தால் தானாகவே இயங்கிக்கொள்ளும் வசதி உண்டு. பழையவற்றில் கையால்தான் செய்ய வேண்டும். பல பெட்டிகளில் இந்த அமைப்பு ஒவ்வொரு எச்.டி.எம்.ஐ. போர்ட்டுக்கும் தனித்தனி. கூட்டிப் பெருக்கும்போது கேபிளைக் கழற்றி வேறு போர்ட்டில் செருகிவிட்டால் பழைய தாமதம் திரும்பி வந்துவிடும். எந்த எண் கன்சோலுக்கு உரியது என்று பின்புறம் ஒரு தாள் ஒட்டிவைத்துவிடுங்கள்.

அசையும் ஆளைச் சுற்றி நீர்க்கோலம்போல் கலங்கல் தெரிந்தால், நடுவில் இல்லாத படங்களைத் தானாகச் செருகும் ‘மோஷன்’ அமைப்பே காரணம். அதையும் அணையுங்கள்.

திரையில் பொறிப்பொறியாகப் புள்ளிகள், அல்லது படம் ஒரு நொடி போய்ப் போய் வருகிறது

இது கேபிள். எச்.டி.எம்.ஐ. வழியாகப் போவது எண்கள். எண் சரியாகப் போய்ச் சேர்ந்தால் படம் முழுமையாக வரும், சேராவிட்டால் புள்ளியாகத் தெறிக்கும் அல்லது அறுந்துவிடும். இடையில் ‘கொஞ்சம் நிறம் குறைந்த படம்’ என்று ஒன்று கிடையாது. அதனால் தங்க முலாம் பூசிய 150 வெள்ளிக் கேபிள் நிறத்தைக் கூட்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1080பிக்கு ‘ஹை ஸ்பீட்’ என்று அச்சிட்ட சாதாரணக் கேபிளே போதும். 4கே படத்தை நொடிக்கு 60 முறை, வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையிலான வீச்சைக் கூட்டிக் காட்டும் எச்.டி.ஆரோடு காட்ட ‘பிரீமியம் ஹை ஸ்பீட்’ வேண்டும். பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் போன்றவற்றில் 4கேயில் நொடிக்கு 120 படம் வேண்டும் என்றால் ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’. நீளம் கூடக் கூடத் தொல்லையும் கூடும். இரண்டு மீட்டருக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

எச்.டி.ஆர். போட்டதும் படம் சோகையாகிவிட்டது

4கே பெட்டிகளில் பலர் சந்திப்பது. முதலில் தொலைக்காட்சியில் அந்தப் போர்ட்டின் முழுக் கொள்ளளவைத் திறந்துவிட வேண்டும். சாம்சங்கில் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’, எல்ஜியில் ‘அல்ட்ரா எச்.டி. டீப் கலர்’, சோனியில் ‘என்ஹான்ஸ்டு’ வடிவம். பிறகு பிளேஸ்டேஷன் 5இல் எச்.டி.ஆர். அளவுத்திருத்தத்தைச் செய்து, ‘ஆதரவு இருக்கும்போது மட்டும்’ என்று வையுங்கள். பழைய விளையாட்டுகள் வெளுக்காது. இவற்றுக்குப் பிறகும் சோகையாக இருந்தால் உங்கள் திரைக்குத் தேவையான பிரகாசம் இல்லை என்று பொருள். எச்.டி.ஆரை அணைத்துவிடுங்கள். விலை குறைந்த திரையில் சாதாரணப் படமே அழகாக இருக்கும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பழைய கன்சோலில் கறுப்பு வெள்ளைப் படம், அல்லது பச்சையும் ஊதாவுமாக நிறம்

புதிய தொலைக்காட்சிகள் பலவற்றில் மஞ்சள் முனைக்குத் தனித் துளை இல்லை. பச்சைத் துளையிலேயே செருக வேண்டும். செருகிவிட்டு ‘காம்பொனென்ட்’ என்ற சோர்ஸைத் தேர்ந்தெடுத்தால் கறுப்பு வெள்ளைதான் வரும். ‘ஏவி’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்படியும் நிறம் இல்லை என்றால் ‘கலர் சிஸ்டம்’ பேல் என்ற ஒரே நிற முறையில் மட்டும் நின்றிருக்கலாம்; ‘ஆட்டோ’வுக்கு மாற்றுங்கள்.

பிளேஸ்டேஷன் 2க்கு ஐந்து முனைக் காம்பொனென்ட் கேபிள் வாங்கி மாட்டியதும் நிறம் தாறுமாறாக வந்தால், கன்சோலின் மெனுவில் காம்பொனென்ட் வெளியீடு ஆர்ஜிபியில் இருக்கிறது. மெனுவைச் சரியாகப் பார்க்க மஞ்சள் கேபிளை ஒருமுறை மாட்டி, ‘ஒய்’ என்று தொடங்கும் மற்றொன்றுக்கு மாற்றிவிட்டு மீண்டும் கேபிளை மாற்றுங்கள். எச்.டி.எம்.ஐ. இல்லாத ஆரம்பகால எக்ஸ்பாக்ஸ் 360இன் கேபிளில், கன்சோலோடு இணையும் தலைப்பகுதியிலேயே ஒரு குட்டி சுவிட்ச் இருக்கிறது. அது ‘டிவி’ பக்கம் இருந்தால் ‘எச்.டி.டிவி’ பக்கம் தள்ளுங்கள். நகத்தால் ஒரு தள்ளு, அவ்வளவுதான்.

பிளேஸ்டேஷன் 2க்கு என் சொந்தக் கருத்து வேறு. 2019இல் நம் நாட்டில் அனலாக் ஒளிபரப்பு நின்றபோது குழாய்த் தொலைக்காட்சியைக் கொட்டகையில் தூக்கிப் போட்டிருப்பீர்கள். அது இன்னும் எரிகிறது என்றால் அந்தக் கன்சோலை அதில் மாட்டுங்கள். அந்த விளையாட்டுகளை வரைந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது அந்த மாதிரித் திரையைத்தான்.

இடி மின்னலுக்குப் பிறகு ஒரு போர்ட்டில் மட்டும் படம் வரவில்லை

தொலைக்காட்சி எரிகிறது, சேனல் வருகிறது, கன்சோல் இருந்த போர்ட் மட்டும் செத்துவிட்டது. கன்சோலை அடுத்த போர்ட்டில் செருகுங்கள். அங்கே வந்தால் தொலைக்காட்சியின் ஒரு போர்ட்தான் போயிருக்கிறது, மற்றதை வைத்து ஓட்டலாம். எங்கேயும் வரவில்லை என்றால், கைவிளக்கை அடித்துக் கன்சோலின் எச்.டி.எம்.ஐ. துளைக்குள் பாருங்கள். 19 ஊசிகள் வரிசையாக நேராக இருக்க வேண்டும். வளைந்திருந்தால் கன்சோலில் அந்தப் போர்ட்டை மட்டும் கழற்றிப் புதியது போட்டால் போதும். நேராக இருந்தும் படம் இல்லை என்றால் உள்ளே இருக்கும் சிப் போயிருக்கலாம். பலகையில் நுண்ணிய பற்றவைப்பு வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஒரு தோட்ட வீட்டில் சேட்டிலைட் பெட்டி, தொலைக்காட்சியின் போர்ட், கன்சோல் மூன்றும் ஒரே மாலையில் போனதைப் பார்த்தேன். எல்லா பிளக்கையும் பிடுங்கித்தான் வைத்திருந்தோம் என்று அந்த அம்மா கண் கலங்கச் சொன்னார். மின்னல் பிளக் வழியாக வரவில்லை. கூரைமேல் இருந்த தட்டிலிருந்து இறங்கும் கேபிள் வழியாகப் பெட்டிக்கு வந்து, அங்கிருந்து எச்.டி.எம்.ஐ. வழியாகத் தொலைக்காட்சிக்கும், தொலைக்காட்சியிலிருந்து கன்சோலுக்கும் தாவியிருந்தது. மலைப்பக்கம் மேகம் கறுக்கும்போதே, இடி தொடங்குவதற்கு முன்னால், பிளக்கோடு தட்டுக் கேபிளையும் பெட்டியிலிருந்து கழற்றிச் சுவரோரம் தள்ளி வையுங்கள். இடி கேட்கத் தொடங்கிவிட்டால் எந்தக் கேபிளையும் தொட வேண்டாம், பிள்ளைகளையும் அந்தப் பக்கம் விட வேண்டாம்.